முட்டிக்குக் கீழே இரண்டு விரல்

மே 12, திங்கள்

ஆட்டுக்கால்களை யூரியா சாக்கில் கட்டிக் கொண்டுவந்து பயிற்சி அறையின் மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். துளை போட்டுப் பழகுவதற்கு. ஏசி ஓடவில்லை. பதினோரு மணிக்குள் சாக்கின் அடியிலிருந்து பழுப்பாக ஒரு நீர் வழிந்து என் செருப்புவரை வந்துவிட்டது. மத்தியானம் டப்பாவைத் திறந்தேன், மூடினேன், கவினிடம் கொடுத்துவிட்டேன். கவின் அவசரப்பிரிவில் உதவிப் பேராசிரியர். என்னைவிடப் பத்து வயது இளையவன். எதைக் கொடுத்தாலும் தின்கிறான்.

வேலையைப் பற்றி ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அடிபட்டு ரத்தம் வடிந்தவர்களுக்கும், வயிற்றுப்போக்கில் உலர்ந்து போனவர்களுக்கும் கை நரம்பு ஒட்டிப்போய்விடும். குத்திக் குத்திப் பார்ப்பதிலேயே நேரம் போகும். அப்போது முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக, எலும்பில் சிறு துளை போட்டு ஊசியை இறக்கினால் மஜ்ஜை வழியாக மருந்து இதயத்துக்குப் போய்ச் சேரும். இடம் சரியாக இருந்தால். தப்பினால் மருந்து சதையில் தேங்கும், அல்லது மூட்டுக்குள் போகும். ஆள் போய்விடுவார்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க விரல் நல்லதா, ஸ்கேன் நல்லதா என்பதுதான் ஆய்வு. விரல், அவசரப்பிரிவுத் தலைவர் டாக்டர் சென்னியப்பனுடைய கட்சி. ஸ்கேன், கதிரியல் துறையிலிருந்து வந்திருக்கும் என் கட்சி. நர்ஸுகள் தன்னார்வலரின் ஒரு காலில் விரலால் அளந்து, கண்ணுக்குத் தெரியாத மையில் புள்ளி வைப்பார்கள். இன்னொரு காலில் ஸ்கேன் பார்த்து வைப்பார்கள். பிறகு நான் நீல விளக்கடித்துப் புள்ளிகளைக் கண்டுபிடித்து, ஸ்கேன் வைத்து, அடியில் இருப்பது சரியான எலும்பா என்று சொல்ல வேண்டும். சரி, தப்பு. இரண்டே வார்த்தைதான் என் வேலை.

வென்ற முறையை முப்பத்தொன்றாம் தேதி மாவட்டத்து ஆம்புலன்ஸ் ஆட்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸுகளுக்கும் கற்றுக்கொடுக்கப் போகிறோம். கட்டுரையில் என் பெயர் இரண்டாவதாக வரும். இணைப் பேராசிரியர் நேர்காணல் ஜூனில். எனக்கு ஒரு கட்டுரை குறைகிறது. போன முறையும் ஒன்றுதான் குறைந்தது.

சென்னியப்பன் சார் பேனா மூடியால் காதைக் குடைந்துவிட்டு, அந்தப் பேனாவையே என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினார். போட்டேன். கையைக் கழுவினேன்.

மே 13, செவ்வாய்

நாள் முழுக்கக் கால்கள். நர்சிங் கல்லூரிப் பையன்களின் முடி மண்டிய கால்கள். ஸ்கேனுக்குத் தடவும் பசை அந்த முடியில் சிக்கி, சளி மாதிரி இழுபடுகிறது. ஒருவன் சாக்ஸைக் கழற்றியதும் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே ஆட்டுக்கால் சாக்கு.

சார் தமிழில்தான் பாடம் எடுத்தார். அதில் அவருக்குப் பெருமை.

"இங்கிலீசெல்லாம் எதுக்குங் கண்ணுகளா? முட்டிக்குக் கீழ ரெண்டு வெரலு. அங்கிருந்து உள்பக்கம் ஒரு வெரலு. தீந்துது. உலை வெக்கறப்ப அரிசிக்கு மேல வெரல் வெச்சுத்தான தண்ணி ஊத்தறீங்க? மிசினா வெச்சுப் பாக்கறீங்க?"

நர்ஸுகள் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நம்ம பூங்கோதை மேடம் ஊட்டுல மட்டும் ஸ்கேன் வெச்சுத்தான் சோறாக்குவாங்களாட்ட இருக்குது."

இன்னும் பெரிய சிரிப்பு. என் ஊட்டில் குக்கர் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

பையன்களின் காலில் விரல் முறை நன்றாகவே வேலை செய்தது. சரி, சரி, சரி என்று சொல்லி வாய் வலித்தது. என் ஸ்கேன் முறையும் சரிதான். ஆனால் பொத்தானைத் தேடி, பசையைத் தடவி, திரையில் எலும்பைக் கண்டுபிடித்து மௌனிகா என்ற நர்ஸ் நிமிர்ந்தபோது, படுத்திருந்தவன் உண்மையான நோயாளியாக இருந்தால் வாய்க்கரிசி போட்டிருப்பார்கள். அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதியாயிற்று.

மே 15, வியாழன்

படுக்கையறையில் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன். தூசி அதிகம் படிகிறது.

மே 16, வெள்ளி

எல்லா உடம்பிலும் பார்க்க வேண்டும் என்று ஆய்வுக் குழு முன்பே சொல்லியிருந்தது. அதற்காகக் கவின் நேற்று ஆஸ்பத்திரி வாட்ஸப்பில் ஒரு செய்தி போட்டிருக்கிறான். "ஆய்வுக்குப் பருமனான பெண்கள் தேவை. டீ, வடை உண்டு." கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை.

"ஒருத்தருமே வரலீங் மேடம்," என்றான். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தான், உடனே காலண்டரைப் பார்த்தான். நான் அறிக்கை எழுத வேண்டியிருந்ததால் என் அறைக்குப் போய்விட்டேன்.

கடைசியில் துப்புரவு மேற்பார்வையாளர் ஒப்பந்தப் பெண்கள் நான்கு பேரை அனுப்பி வைத்தார். கால் பரிசோதனை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். முதலில் படுத்த மாராத்தாள் வரும்போதே காலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். சேலை ஓரமெல்லாம் ஈரம்.

"ரெண்டு வருசமா முட்டி வலிங் டாக்டரம்மா. இதுல சரியாப் போயிருமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கவின், "பாத்துச் சொல்லுவாங்க, படுங்கக்கா," என்றான். ஒப்புதல் தாளில் அவர் கைநாட்டு வாங்கும்போதும் அதையேதான் சொன்னான்.

சார் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் காலைப் பார்த்தார்.

"இதுல முட்டி எங்க இருக்குதுன்னு கூகுள் மேப்புலதான் தேடோணும்."

எல்லாரும் சிரித்தார்கள். மாராத்தாளும் சிரித்தார், தம்மைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தே. நானும் சிரித்தேனா என்று நினைவில்லை. வாய் விரிந்திருந்தது.

விரலால் வைத்த புள்ளியில் ஸ்கேன் வைத்தேன். திரையில் மேலே ஒரு எலும்பு, கீழே ஒரு எலும்பு, நடுவில் கருப்பு இடைவெளி. மூட்டு. அங்கே ஊசி இறங்கினால் மருந்து முழுக்க முழங்காலுக்குள் நிற்கும். தப்பு என்றேன். அடுத்த பெண். தப்பு. நான்கு பேருக்கும் தப்பு. ஸ்கேன் பார்த்து வைத்த புள்ளிகள் எல்லாம் சரி.

அப்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வேர்வையும் சோப்பும் கலந்து மணக்கும் ஒரு பெண்ணின் காலடியில் நின்றுகொண்டு, என் மெஷின் ஜெயித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

வடை தீர்ந்துவிட்டது. டீ மட்டும் கொடுத்தார்கள்.

மே 19, திங்கள்

சார் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் பஜ்ஜி. எண்ணெய்க் கையை நாற்காலித் துண்டில் துடைத்தார். அந்தத் துண்டில்தான் நான் சாய வேண்டும். நுனியில் உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மணி, அந்த நாலு பேரையும் எடுத்துப் போட்டரலாம்."

"ஏனுங் சார்?"

"அதெல்லாம் காலா? சேனக்கெழங்கு. அளவுக்கு மீறுனது. கணக்குல சேத்தா கணக்கே கோணிப்போயிரும்."

"நாமதானுங்களே வரச் சொன்னோம்?"

"வரச் சொன்னோம். வந்தாங்க, டீ குடிச்சாங்க, போயிட்டாங்க. முடிஞ்சுது." பஜ்ஜித் தட்டை என் பக்கம் தள்ளினார். "உன்ர மிசினு நாலு காலுல ஜெயிச்சுதுன்னு வெச்சுக்க. ஆம்புலன்ஸ்காரன் மடியில மிசின வெச்சுக்கிட்டா ரோட்டுல போவான்? வெரலுதான் எல்லாருகிட்டயும் இருக்குது. நான் சொல்றது ஊருக்கு நல்லது. ஆமா, உனக்கு ஜூன்ல இன்டர்வியூ இல்ல?"

இருக்கிறது என்றேன்.

"அப்பறம் என்ன? பஜ்ஜி சாப்புடு."

ஆம்புலன்ஸ் பற்றி அவர் சொன்னது உண்மை. அதுதான் எரிச்சல். அவர் சொல்லும் முறைக்கு மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஆனால் அவசரப்பிரிவுக்கு வருகிறவர்கள் எல்லாம் கல்லூரிப் பையன்களா? சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் வருகிறார்கள். நாற்பது தாண்டியவர்கள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண்கள் வருகிறார்கள். பொதுவாகச் சொல்கிறேன். அப்படி ஒருத்தி நினைவில்லாமல் கிடக்கும்போது, முப்பத்தொன்றாம் தேதி எங்களிடம் படித்துப்போன ஒரு நர்ஸ் முழு நம்பிக்கையோடு மூட்டுக்குள் ஊசியை இறக்குவாள். துளை போடும் கருவி சரியாகத்தான் சுற்றும். மருந்து சரியாகத்தான் ஏறும். முழங்கால் மட்டும் வீங்கிக்கொண்டே போகும்.

"பாக்கலாமுங் சார்," என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பஜ்ஜியும் தின்றேன்.

மே 20, செவ்வாய்

லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாம் மாடி. நடுவில் நின்று போன் பேசுவதுபோல் நடித்தேன்.

மே 22, வியாழன்

நான்கு பேருக்கும் ஒரே மாதிரி எப்படித் தப்பும் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. விரல் தடிமன் ஆளுக்காள் மாறுவதுதான் காரணம் என்றால் சிலருக்கு மேலே தப்பும், சிலருக்குக் கீழே தப்பும். எல்லாப் புள்ளியும் மேலேயே தப்பியிருக்கிறது.

இடைவேளையில் நர்ஸுகள் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அருகே போய், "முட்டியத் தொட்டுக் காட்டுங்க," என்றேன். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்பதுபோல் பார்த்தார்கள்.

மௌனிகா தன் முழங்கால் மொத்தத்தையும் உள்ளங்கையால் மூடிக் காட்டினாள். "இதானுங் மேடம்."

பக்கத்திலிருந்த ரேவதி சோற்றுக் கையோடு அவளை இடித்தாள். "அது முழங்காலு புள்ள. முட்டின்னா சில்லு."

"சில்லுன்னா சாரு சில்லுன்னு சொல்லியிருப்பாரு. முட்டின்னுதான சொன்னாரு?"

"முட்டிச் சில்லு பேந்துருச்சுன்னு சொல்லுவாங்கல்ல, அது என்ன?"

"அதைத்தான நானுஞ் சொல்றேன், முட்டி வேற, சில்லு வேற. எங்கூருல முட்டின்னா முழுசுந்தான்."

"உங்கூருல எதைத்தான் ஒழுங்காச் சொன்னாங்க? கத்திரிக்காய்க்கே ரெண்டு பேரு வெச்சவங்க."

அவர்கள் கத்திரிக்காய்க்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன்.

சார் மனதில் இருப்பது சில்லு, முழங்காலுக்கு முன்னால் அசையும் வட்ட எலும்பு. நீட்டிய காலில் சில்லின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு விரல் இறங்கினால் சரியான இடம்தான். ஆங்கிலத்தில் முழங்காலுக்கு ஒரு சொல், சில்லுக்கு ஒரு சொல். அவர் அதைத் தமிழாக்கியபோது இரண்டுக்கும் முட்டி என்று வைத்துவிட்டார். ஒல்லியான காலில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. முழங்கால் என்று பார்த்தாலும் சில்லுதான் துருத்திக்கொண்டு தெரியும். பருத்த காலில் தொடைச் சதை இறங்கிச் சில்லின்மேல் உட்கார்ந்திருக்கும். உருண்டையாகத் தெரிவது சதை. அதன் அடியில் ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பைத்தான் முட்டியின் விளிம்பு என்று எடுக்கிறார்கள். சில்லு அதற்கும் கீழே ஒளிந்திருக்கிறது. மடிப்பிலிருந்து இரண்டு விரல் அளந்தால் நேராக மூட்டில் போய் நிற்கும்.

சாரிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஒரு வார்த்தைல என்ன அம்மணி இருக்குது? பேனர்லயே 'முட்டிக்குக் கீழே இரண்டு விரல்'னு அடிச்சாச்சு."

காட்டினார். போனில், அவர் இரண்டு விரலை உயர்த்திக்கொண்டு சிரிக்கும் படம். ஓட்டுக் கேட்பவர் மாதிரி. நகத்துக்குள் அழுக்கு இருந்தது, பேனர் அளவுக்குப் பெரிதாகப்போகும் அழுக்கு.

மே 25, ஞாயிறு

என் கணவர் கோழி எடுத்து வந்திருந்தார். அவருக்குக் கால் துண்டுதான் வேண்டும். எலும்பைக் கடித்து உடைத்து மஜ்ஜையை உறிஞ்சும் சத்தம் சமையலறைவரை வந்தது. இரண்டு வாரமாக நான் எலும்புப் பக்கமே போகவில்லை.

ஆய்வு விஷயத்தைச் சொன்னேன். அவர் சாயப்பட்டறைக் கணக்கு பார்ப்பவர், எதையும் ஒரே வரியில் முடிப்பார்.

"உன்ர மிசினு தோத்துப்போச்சுன்னு உனக்குக் கடுப்பு."

"இல்லீங்க. தப்பான இடத்துல குத்துவாங்க."

"நீயா குத்தப்போற? கையெழுத்தப் போட்டுட்டு வந்து வேலையப் பாரு. இன்னும் எத்தன வருசத்துக்கு உதவிப் பேராசிரியருன்னே கல்யாணப் பத்திரிகைல போடறது?" இன்னொரு எலும்பை எடுத்தார்.

சாப்பிட்டதும் ஹாலிலேயே தூங்கிவிட்டார். நான்கைந்து வருடமாக ஹாலில்தான் படுக்கிறார். காற்று அங்கே நன்றாக வருகிறது.

அறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். நைட்டியை முழங்காலுக்கு மேலே இழுத்தேன். பகல் வெளிச்சத்தில் என் காலை நான் பார்த்து வெகுநாளாகிறது. வெளுத்துப் பிசைந்த மாவு மாதிரி இருந்தது, அங்கங்கே நீல நரம்பு. விரலால் அழுத்தினால் அமுங்கி, மெதுவாக மேலே வந்தது. யாரோ ஒரு பெண்ணின் கால், ஆய்வுக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். அப்படிச் செய்தால் எளிதாக இருந்தது.

மடிப்பு கிடைத்தது. சில்லு கிடைக்கவில்லை. காலை விறைப்பாக வைத்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. தளர்த்திவிட்டு, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மடிப்புக்குக் கீழே பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தேன். சில்லு ஆடியது. சதை ஆடுவது வேறு, சில்லு ஆடுவது வேறு. ஒருமுறை தெரிந்துவிட்டால் மறக்காது. அதன் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு விரல், உள்பக்கம் ஒரு விரல். அடியில் தட்டையாக, கல் மாதிரி, எலும்பு.

மெஷின் இல்லாமலே.

மே 27, செவ்வாய்

கவின் தாளை அச்சடித்துக் கொண்டுவந்தான். விரல் முறைக்கு முழு வெற்றி. கீழே பொடி எழுத்தில், "நால்வர் விலகினர்." அதற்கடியில் என் பெயரும் கையெழுத்துக்கு ஒரு கோடும்.

"சாரு இன்னைக்கே கேட்டாருங் மேடம்."

பேனா எழுதவில்லை என்றேன். எழுதியது. சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வராந்தாவில் மாராத்தாள் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ர காலு ரிசல்ட்டு வந்துருச்சுங்களா?"

"நல்லா இருக்குதுங்க்கா."

"நல்லா இருந்தா ஏனுங் வலிக்குது?"

பினாயில் நாற்றம் தாங்காமல் வேகமாகப் போய்விட்டேன். பினாயில் என்றுதான் நினைக்கிறேன்.

மே 30, வெள்ளி

நாளைக்கு அகலக் கால் பேன்ட் ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தேன். வெயிலுக்கு லேசாக இருக்கும்.

மே 31, சனி

அரங்கம் நிறைந்திருந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் பின்வரிசையில், நர்ஸுகள் முன்வரிசையில். மேடைக்குப் பின்னால் இரண்டு விரல் பேனர். நகத்தின் அழுக்கு நான் நினைத்த அளவுக்கே பெரிதாக வந்திருந்தது.

சார் ஒரு பையனை மேஜையில் படுக்கவைத்து, முட்டிக்குக் கீழே இரண்டு விரல் வைத்து, சாதாரண மார்க்கரால் புள்ளி வைத்தார். நான் ஸ்கேன் வைத்தேன். பெரிய திரையில் எலும்பு பளிச்சென்று தெரிந்தது.

"மேடம் வாயாலயே கேளுங்க. சரியா, தப்பா?"

"சரி," என்றேன்.

கைதட்டினார்கள். பையன் எழுந்து போனான். அடுத்து கருவிப் பயிற்சி என்று சார் அறிவிக்கப் போனார்.

"சார், இன்னொரு காலையும் பாத்துரலாமுங்களா?" என்றேன்.

"யாரு காலு?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு மேஜைமேல் ஏறினேன். ஒரே தடவையில் ஏற முடியவில்லை. மேஜை கிரீச்சிட்டது. பின்வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். படுத்துக்கொண்டு பேன்ட்டை முழங்காலுக்கு மேலே ஏற்றினேன். சிரிப்பு நின்றுவிட்டது. சிரிப்பே மேல் என்று தோன்றியது. விளக்கு நேராகக் காலில் விழுந்தது. என் புருஷனே பார்க்காத கால் அது.

"உங்களுக்கெதுக்கு அம்மணி சிரமம்?" சார் குனிந்து மெதுவாகச் சொன்னார். பஜ்ஜி வாடை.

"பரவால்லீங் சார். முட்டிக்குக் கீழ ரெண்டு வெரலுதான? வெய்யுங்க."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைக்காமல் இருக்க முடியாது. தாள் புரட்டும் பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுவிட்டு என் காலில் வைத்தார். அந்த ஈரம் இன்னும் இருக்கிறது. அவர் விரல் தேடுவது எனக்குத் தெரிந்தது. மேலே போனது, கீழே வந்தது, மடிப்பில் வந்து நின்றது. அவருக்கும் தெரியவில்லை. சில்லு என்று மனதில் இருந்தும் விரலுக்குத் தெரியவில்லை. அதுவரை அவர்மேல் இருந்த அருவருப்பில் ஒரு துளி இரக்கம் கலந்தது. அதுவும் குமட்டலாகத்தான் இருந்தது. மடிப்பிலிருந்து இரண்டு விரல் அளந்து புள்ளி வைத்தார்.

"கவின், ஸ்கேன வை," என்றேன்.

கவின் பசையைத் தடவி வைத்தான். திரையில் மேலே ஒரு எலும்பு, கீழே ஒரு எலும்பு, நடுவில் கருப்பு.

முன்வரிசையில் ஒரு நர்ஸ் கை தூக்கினாள். "நடுவால கருப்பா இருக்கறது என்னங் சார்?"

சார் மைக்கைக் கையில் எடுத்தார். நான் கவினைப் பார்த்தேன். கவின் என்னைப் பார்த்தான், சாரைப் பார்த்தான்.

"மூட்டுங்க," என்றான்.

"மேடத்துக்குக் காலு கொஞ்சம்..." சார் மைக்கில் இழுத்தார்.

"கொஞ்சமில்லீங் சார், நெறையாவே," என்றேன், படுத்தபடியே. "ஆம்புலன்ஸ்ல ஏறுறவங்கெல்லாம் இப்ப எந்திரிச்சுப் போன தம்பியாட்டவா இருப்பாங்க?"

பின்னாலிருந்து ஓர் ஆம்புலன்ஸ்காரர் சத்தமாகச் சொன்னார். "எங்கூட்டுக்காரியே தொண்ணூறு கிலோங்க."

"ஊட்டுல போயி இதச் சொல்லீறாதீங்க அண்ணா," என்றது இன்னொரு குரல்.

அரங்கமே சிரித்தது. இந்தமுறை என் காலைப் பார்த்து அல்ல. சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். போன் அடித்து நான் கேட்கவில்லை.

எழுந்து உட்கார்ந்து சொன்னேன். முட்டி என்று சொல்லாதீர்கள், நினைக்காதீர்கள். சில்லு. காலைத் தளர்த்துங்கள், மடிப்பை மறந்துவிடுங்கள், அதற்குக் கீழே பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடுவதுதான் சில்லு, அதற்குக் கீழே இரண்டு விரல். சொல்லி முடித்ததும் மௌனிகா எழுந்து நின்றாள்.

"தொட்டுப் பாக்கட்டுங்களா மேடம்?"

வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. மறுபடி படுத்துக்கொண்டேன்.

வரிசை கட்டினார்கள். ஒருத்தி கையில் பவுடர், ஒருத்தி கையில் ஊறுகாய் வாசனை, ஒருத்திக்கு நீள நகம். "சாரிங் மேடம்" என்று சொல்லிச் சொல்லியே ஒருத்தி கன்றிப்போகும் அளவுக்கு அழுத்தினாள். ஓர் ஆம்புலன்ஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தொட்டார். சாமி சிலையைத் தொடுவதுபோல் தொட்டால் சில்லு கிடைக்காது என்று அதட்டினேன். உடம்பெல்லாம் கூசியது. ஒவ்வொருவரும் புள்ளி வைத்தார்கள், கவின் ஸ்கேன் வைத்துச் சொன்னான். சரி, சரி, தப்பு, சரி. தப்பாக வைத்தவர்களை மறுபடி வரிசையில் நிற்கச் சொன்னேன். சீக்கிரத்திலேயே பசை தீர்ந்துவிட்டது. அதன் பிறகு ஸ்கேனை யாரும் கேட்கவில்லை. நான் தொடு உணர்வை வைத்தே சொன்னேன். என் மெஷின் ஓரமாக நின்று இரைந்துகொண்டிருந்தது. கவின் அதை அணைத்தான்.

எல்லாரும் போனபின் கவினிடம் அந்தக் கையெழுத்துத் தாளை வாங்கினேன். 'விலகினர்' என்பதை அடித்துவிட்டு 'விலக்கப்பட்டனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இப்படிக் குடுத்தா கட்டுரையே வராதுங் மேடம்," என்றான் கவின்.

"ஆமா."

"உங்க இன்டர்வியூ?"

"சாப்புட்டயா நீ?" என்று கேட்டேன். இல்லை என்றான். முதல்முறையாக.

மாராத்தாள் அரங்கத்தைக் கூட்ட வந்தார். உங்களுக்கு வலி எதனால் என்று நாங்கள் பார்க்கவே இல்லை, எங்கள் வேலைக்காகத்தான் உங்களைப் படுக்கவைத்தோம் என்றேன். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க? ஒரு நேரத்துச் சோப்பாவது மிச்சமாயிருக்கும்."

திங்கட்கிழமை எலும்பு டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன் என்றேன். அவர் நாற்காலிகளை நகர்த்த ஆரம்பித்தார்.

வாசலில் சார் காரில் ஏறிக்கொண்டிருந்தார். "நல்லா வெச்சுச் செஞ்சுட்ட அம்மணி. ஜூன்ல பாக்கலாம்," என்றார். கண்ணாடி ஏறியது.

ஜூன் 1, ஞாயிறு

மை போகவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன், ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன். முழங்காலைச் சுற்றி அம்மை வார்த்த மாதிரி இருக்கிறது. அழுத்திய இடமெல்லாம் கன்றியிருக்கிறது. வீச்சம் தாங்கவில்லை, மூன்று முறை குளித்தேன்.

ஹாலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது கணவர் டிவியிலிருந்து திரும்பினார்.

"அதென்ன காலெல்லாம் புள்ளி?"

சொன்னேன். மேஜையில் ஏறியதை, மூட்டு தெரிந்ததை, வரிசையை, தாளை. இனி நேர்காணலுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதையும். திட்டுவார் என்று நினைத்தேன். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பளைகளுமா தொட்டாங்க?"

"ஆம்புலன்ஸ்காரங்க. அவங்கதான மொதல்ல போறவங்க."

"கண்டுபுடிச்சாங்களா?"

"கண்டுபுடிச்சாங்க."

நைட்டியை இழுத்து மூடக் கை போனது. மூடவில்லை.

"அப்படியென்ன பெரிய கம்பசூத்திரம்?" என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, கீழே இறங்கி உட்கார்ந்து, இரண்டு விரலை என் காலில் வைத்தார். கை சில்லென்றிருந்தது. மடிப்பில்தான் வைத்தார்.

"தப்பு," என்றேன். "இன்னும் கீழ."